வள்ளியும் தெய்வானையும் இரண்டு பேர்

பேருந்து ஜன்னலின் கம்பி காலை வேளையில் அவ்வளவு சில்லென்று இருக்கும் என்பதைப் பதினான்கு வயதில்தான் தெரிந்துகொண்டேன். மாசிப் பனி முழுதாக விலகாத நாட்கள் அவை. கொத்தமங்கலத்திலிருந்து காரைக்குடிக்கு வரும் டவுன் பஸ்ஸில் அந்தக் கம்பியில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டால் இன்ஜினின் நடுக்கம் பல் வரைக்கும் ஏறும்; ஈரச் செம்மண் வாசனையும் யாரோ வீட்டு விறகுப் புகையும் சேர்ந்து மூக்கில் வந்து மோதும். பேருந்தில் போவது எனக்குப் புதிதில்லை, ஜன்னல் ஓரம் உட்காருவதுதான் புதிது. அதுவரை நான் ஏறிய எல்லாப் பேருந்துகளிலும் ஜன்னல் ஓரம் வள்ளிக்கு, அவளை ஒட்டிய இடம் எனக்கு என்று யாரும் சொல்லாமலே ஏற்பட்டுப்போயிருந்தது.

வள்ளி என்னோடு பிறந்தவள். நாங்கள் இரட்டைப் பிள்ளைகள், அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருந்தோம். குன்றக்குடி முருகனிடம் நேர்ந்துகொண்டு பிறந்தவர்கள் என்பதால் வள்ளி, தெய்வானை என்று பெயர் வைத்தார்கள். பெயரைத் தேர்ந்தெடுத்த அப்பா ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. வள்ளி என்பது வாய்க்குள் சட்டென்று அடங்கிவிடுகிற பெயர், தெய்வானை அப்படியில்லை. ஆகவே தெருவில் இருந்தவர்கள் எங்களில் யாரைத் தனியாகப் பார்த்தாலும் வள்ளி என்றே கூப்பிட்டார்கள். தப்பாகக் கூப்பிடுகிறோமோ என்ற சந்தேகம்கூட அவர்களுக்கு வந்ததில்லை, பாதி நேரம் சரியாகத்தானே இருந்திருக்கும். நானும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன்.

இருவரும் சேர்ந்து போனால் எங்களுக்கு 'ரெட்டை' என்று பெயர். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் வினை எப்போதும் ஒருமையில்தான் வரும். "ரெட்டை வந்திருச்சு" என்பார்கள், "ரெட்டைக்குப் பசிக்குதாம்" என்பார்கள், கடைவீதியில் எங்களைப் பார்த்தால் "ரெட்டை எங்குட்டுப் போகுது?" என்று கேட்பார்கள். அம்மா மட்டும் எங்களை ஒருநாளும் மாற்றிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவளும் எல்லாவற்றையும் ஜோடியாகத்தான் வாங்கினாள். ஒரே துணியில் இரண்டு பாவாடை, ஒரே நிறத்தில் இரண்டு ரிப்பன், ஒரே கடையில் இரண்டு டிபன் பாக்ஸ். ஒருத்திக்குக் கூடி இன்னொருத்திக்குக் குறைந்துவிடக் கூடாது என்பது அவளுடைய தீராத கவலை. கண்ணாடிகூட எங்களுக்கு அதிகம் தேவைப்பட்டதில்லை. வள்ளியின் கன்னத்தில் மை அப்பியிருந்தால் நான் என் கன்னத்தைத் துடைத்துக்கொள்வேன். பல தடவை அங்கே ஒன்றும் இருக்காது.

எங்கள் இருவருக்கும் சேர்த்து வள்ளிதான் பேசுவாள். யார் என்ன கேட்டாலும் அவள் பதில் 'நாங்க' என்றுதான் தொடங்கும். நாங்க சினிமாவுக்கு வரல, நாங்க கத்தரிக்கா சாப்பிட மாட்டோம், நாங்க கணக்கு முடிச்சுட்டோம். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். இதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெயிலில் நடக்கும்போது பக்கத்தில் வருகிறவர் குடை பிடித்தால் எப்படியோ, அப்படிச் சுகமாகத்தான் இருந்தது. எனக்கென்று ஒரு விருப்பம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது மாசி பிறந்த வாரத்தில் வள்ளிக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள், அடுப்பில் தாளிப்பு நின்றது, வள்ளியை உள் அறையில் தனியாகப் படுக்க வைத்தார்கள். எங்கள் இருவரில் ஒருத்திக்கு மட்டும் வந்த முதல் பொருள் அந்த அம்மைதான். எனக்கும் வந்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதற்குள் என்னை வெளியேற்றிவிட வேண்டும் என்று, கொத்தமங்கலத்தில் இருந்த அப்பாவின் அக்கா வீட்டுக்கு என்னை அனுப்ப முடிவானது. பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்தே பஸ்ஸில் போய்வர வேண்டும். புறப்படும்போது அறை வாசலில் நின்றேன். எத்தனை நாள் என்று வள்ளி கேட்டாள். அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிற வரைக்கும் என்று அம்மா சொன்னதைச் சொன்னேன்.

"அம்புட்டு நாளு நாம என்னடி பண்றது?" என்றாள் வள்ளி. அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, புத்தகப் பையையும் துணிப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு, கொத்தமங்கலம் போகிற வரை அழுதேன்.

அத்தை பெயர் பஞ்சவர்ணம். பெரிய உருவம், பெரிய குரல். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து தருவது அவளுடைய தொழில். அவள் வீட்டுப் பின்கட்டில் காலையிலிருந்து நாலைந்து பெண்கள் உட்கார்ந்து சீப்புச் சீடையும் தேன்குழலும் மனகோலமும் செய்துகொண்டே இருப்பார்கள். கை ஒரு பக்கம் ஓட, பேச்சு ஒரு பக்கம் ஓடும். போன அன்றே அத்தை எனக்கு இடியாப்பம் வைத்து, பக்கத்தில் கத்தரிக்காய் கோசமல்லி ஊற்ற வந்தாள். நாங்க கத்தரிக்கா சாப்பிட மாட்டோம் என்றேன். அத்தை கரண்டியைப் பிடித்தபடி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், வாசல் பக்கமும் ஒரு தடவை பார்த்தாள்.

"நாங்கன்னா யாருத்தா? எனக்கு ஒரு ஆளுதானே தெரியுது" என்றாள்.

அதில் கிண்டல்கூட இல்லை, உண்மையிலேயே இன்னும் யாரோ வந்திருக்கிறார்களோ என்று நினைத்தாள் போலிருந்தது. கொஞ்சம் ஊற்றிவிட்டு எண்ணெய் காய்கிறது என்று உள்ளே போய்விட்டாள். இடியாப்பத்தை அதில் தொட்டு வாயில் வைத்தேன். புளிப்பும் காரமுமாக, நாக்கில் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது இடியாப்பத்தை முழுக்க அதில் ஊறவைத்துச் சாப்பிட்டேன். பதினான்கு வருடமாகக் கத்தரிக்காய் பிடிக்காதவள் வள்ளி மட்டும்தான், எனக்கு அது பிடிக்குமா என்று நானே கேட்டுப் பார்த்ததில்லை. திருடித் தின்றவள் போலக் கையைக் கழுவினேன். மறுநாள் காலையில் நானே அத்தையிடம் போய்க் கோசமல்லி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்கட்டில் அந்தப் பெண்களோடு உட்காருவேன். சீப்புச் சீடை உருட்டக் கற்றுக்கொடுத்தார்கள், எனக்கு வரவில்லை. நான் உருட்டியதை அத்தை தனியாக எடுத்து வைத்து என்னையே தின்னச் சொன்னாள். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, பஸ்ஸில் என்னத்தா விசேஷம் என்று ஒருத்தி கேட்டாள். அன்று காலையில் கண்டக்டர் ஒரு கிழவியிடம் கோழியை மடியில் வைக்கச் சொல்லிச் சண்டை போட்டதைச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லிக்கொண்டே வரும்போது கண்டக்டரின் மூக்கடைத்த குரல் என் மூக்கிலிருந்து வந்தது. அதற்குப் பதில் சொன்ன கிழவியின் பல்லில்லாத குரலும் வந்தது. கடைசியில் கோழியும் பேசியது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. கதையை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாததால் அப்படி வந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தால் எல்லோருடைய கையும் நின்றுபோயிருந்தது. ஒருத்தி மாவுக் கையோடு கண்ணைத் துடைத்து முகமெல்லாம் வெள்ளையாக இருந்தாள்.

"இந்த வள்ளி இம்புட்டுப் பேசுவான்னு தெரியாமப் போச்சே" என்றாள் அவள்.

அத்தை அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "அது வள்ளி இல்ல, தெய்வான. இவ வாய்க்குள்ள ஒரு ஊரே குடியிருக்கு."

அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷத்தை இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. வள்ளி பேச நான் பக்கத்தில் நின்ற அத்தனை வருடமும் நான் சும்மா நின்றிருக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். கடைக்காரர் இருமுவது, அப்பா போனில் பேசும்போது மட்டும் வரும் மரியாதைக் குரல், தலைமையாசிரியை 'மாணவச் செல்வங்களே' என்று இழுப்பது என எல்லாம் உள்ளே அடுக்கடுக்காகக் கிடந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் பின்கட்டில் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் வருகிற நேரம் பார்த்து அத்தை எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிடுவாள், சிரிப்பில் யாராவது கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது என்று.

பள்ளிக்கூடத்தில் எங்கள் பெஞ்சில் வள்ளியின் இடம் காலியாக இருந்தது. முதல் இரண்டு நாள் நான் அந்த இடத்தில் என் பையை வைத்துக்கொண்டேன். மூன்றாவது நாள் பின் பெஞ்சிலிருந்து மும்தாஜ் தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். மும்தாஜின் அத்தா மலேசியாவில் இருந்தார். அவரிடமிருந்து வரும் வாசனை ரப்பர்களை வகுப்புக்கே கொடுத்துவிடுகிற கை அவளுக்கு. ஓயாமல் கேள்வி கேட்பாள். உனக்கு என்ன கலர் பிடிக்கும் என்று அவள் கேட்டபோது மஞ்சள் என்று சொல்ல வாய் வந்தது. மஞ்சள் வள்ளிக்குப் பிடித்த நிறம். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இதற்கு எதற்கு ஒருநாள் என்று அவள் சிரித்தாள், ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்று மாலை பஸ்ஸில் கண்ணில் பட்ட எல்லா நிறத்தையும் பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒரு அம்மாள் மயில் கழுத்து நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். வெயில் பட்டால் பச்சை, நிழலில் நீலம். மறுநாள் காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் மும்தாஜிடம் அதைத்தான் சொன்னேன். ஏதோ பரீட்சையில் பாஸாகிவிட்ட மாதிரி இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மும்தாஜுக்காகக் கணக்கு டீச்சர் மாதிரிப் பேசிக் காட்டினேன். அவர் பலகையில் சாக்பீஸைத் தட்டித் தட்டி 'புரிஞ்சுதா, புரிஞ்சுதா' என்பார். கூட்டம் சேர்ந்தது. நான் உற்சாகமாகி அவருடைய நடையையும் நடந்து காட்டிக்கொண்டிருந்தபோது எதிரே இருந்தவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது. திரும்பிப் பார்த்தேன். கணக்கு டீச்சர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் மூணு தடவ 'புரிஞ்சுதா' சொல்லுவேன். நீ ரெண்டோட நிறுத்திட்டே" என்றார். பிறகு ஆண்டு விழாவில் பல குரல் நிகழ்ச்சிக்கு என் பெயரைக் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, நான் வள்ளியா தெய்வானையா என்று கேட்டார். தெய்வானை என்றேன். சரியாகத்தான் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கொத்தமங்கலம் வந்து வள்ளியின் நிலவரம் சொல்வார். முதல் தண்ணீர் ஊற்றியாயிற்று, இரண்டாவது ஊற்றியாயிற்று, உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கு அழுகை வரும். ஆனாலும் மேடை விஷயத்தை அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அது வள்ளிக்குப் போய்விடும். அவளுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருப்பது அதுவே முதல் தடவை. அது பயமாகவும் இருந்தது, வாயில் போட்ட மிட்டாயைக் கரையவிடாமல் வைத்திருப்பது போல இனிப்பாகவும் இருந்தது.

மூன்றாவது தண்ணீர் ஊற்றிச் சில நாள் கழித்து என்னை வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். எனக்குக் கடைசி வரை அம்மை வரவில்லை. வள்ளி மெலிந்து, முடி உதிர்ந்து, இடது புருவத்துக்கு மேலே மிளகளவு ஒரு பள்ளத்தோடு இருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. பிறகு என் நெற்றியைத் தடவிப் பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை. தெருவில் அதற்குள் புதுக் குழப்பம் கிளம்பிவிட்டது. இனிமேல் அடையாளம் சுலபம் என்று எல்லோரும் சொன்னார்கள், ஆனால் தழும்பு இருப்பது வள்ளியா தெய்வானையா என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

அவள் பள்ளிக்கு வந்த முதல் நாளே அறிவிப்புப் பலகையில் ஆண்டு விழா நிகழ்ச்சிப் பட்டியல் ஒட்டியிருந்தது. அதைத் தயாரித்த வேறொரு ஆசிரியை, இரட்டையரில் ஒருத்தி மட்டும் மேடை ஏறுவாள் என்று நினைத்தே பார்க்கவில்லை போலும். 'பல குரல் – வள்ளி, தெய்வானை' என்று எழுதியிருந்தார். வள்ளி அதைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக் குதித்தாள். தான் படுத்துக் கிடந்தபோது தன் பெயரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டாள். வியாதியிலிருந்து எழுந்தவளின் அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. வள்ளி எல்லாவற்றையும் தீர்மானித்தாள். கண்டக்டர் அவள், பயணி நான். டீச்சர் அவள், மாணவி நான். அவள் கண்டக்டராகப் பேசினாலும் வள்ளியாகத்தான் இருந்தாள், கிழவியாகப் பேசினாலும் வள்ளியாகத்தான் இருந்தாள். நான் 'சரிங்க', 'இல்லீங்க' என்று இடையிடையே சொன்னேன். மூன்று வாரமாக எனக்குள் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது. ஒருநாள் பள்ளிக்கூட மரத்தடியில் எங்கள் ஒத்திகையைப் பார்த்துவிட்டு மும்தாஜ் என்னைத் தனியாக அழைத்து ஒன்றே ஒன்று கேட்டாள். "கொத்தமங்கலத்துல இருந்து வந்தவ எங்கடி போனா?"

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது, கொல்லையில் துணி காயப்போடும் வேளையில் சொன்னேன். ஈரப் பாவாடையை உதறிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"மேடையில நான் மட்டும் பண்றேன் வள்ளி."

"நீ மட்டும்னா?"

"நான் மட்டும்னா, நான் மட்டும்."

வள்ளி கையிலிருந்த துணியை வாளிக்குள் திரும்பப் போட்டாள். அவள் கை மெல்ல மேலே போய்ப் புருவத்துக்கு மேலிருந்த பள்ளத்தைத் தொட்டது. "இதுக்காகவா?" என்றாள்.

அப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இல்லை இல்லை என்று பத்துத் தடவை சொன்னேன். பத்துத் தடவை சொன்னதாலேயே அவள் நம்பவில்லை. துணி வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை. எங்கள் வாழ்க்கையில் நாலு மணி நேரம்கூட அப்படி இருந்ததில்லை. "ஒரே வயித்துக்குள்ள இடிச்சுக்கிட்டுக் கெடந்ததுக. இப்ப இம்புட்டுப் பெரிய வீட்டுல இடம் பத்தலயாக்கும்" என்று அம்மா பாத்திரங்களிடம் சொன்னாள். அப்பாவுக்குச் சாப்பாட்டு நேரம் பெரிய சங்கடமாகிவிட்டது; உப்புக் கிண்ணத்தை என்னிடமிருந்து வாங்கி வள்ளிக்கும், வள்ளியிடமிருந்து வாங்கி எனக்கும் கொடுத்தபடி, தான் எப்போது சாப்பிடுவது என்று கேட்டார். இரண்டாம் நாள் என் பெயரையே எடுத்துவிடச் சொல்லலாம் என்று ஆசிரியர் அறை வாசல் வரை போனேன். கணக்கு டீச்சர் உள்ளே நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். போகவில்லை, திரும்பிவிட்டேன். ஏன் திரும்பினேன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். எனக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒன்று வேண்டும் என்று ஆசைப்படுவதும், அதற்காக ஒருவரை நோகவிட்டு நிற்பதும் எனக்கு ஒரே வாரத்தில் சேர்ந்து வந்தன.

விழா அன்று மாலை பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். முன்னால் நாற்காலிகளில் பெற்றோர். கொத்தமங்கலத்திலிருந்து அத்தையும் பின்கட்டுப் பெண்கள் இருவரும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் ஜமக்காளத்தில் வகுப்பு வகுப்பாக உட்கார்ந்திருந்தோம். நிகழ்ச்சியை அறிவித்த பன்னிரண்டாம் வகுப்பு அக்கா பட்டியலைப் பார்த்து, அடுத்து வள்ளி, தெய்வானை வழங்கும் பல குரல் என்று படித்தாள். நான் மட்டும் மேடை ஏறினேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தாள், இன்னொருத்தி எங்கே, சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்று மைக்கிலேயே சொன்னாள். கூட்டம் சிரித்தது. எங்கோ ஒரு குரல், ரெட்டை பாதிதான் வந்திருக்கு என்றது. இன்னும் பெரிய சிரிப்பு. நான் மைக்கைப் பார்த்தேன். கண்டக்டர், கிழவி, கோழி யாருமே இல்லை.

அப்போது ஜமக்காளத்தின் நடுவில் வள்ளி எழுந்து நின்றாள். அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

"அது தெய்வான. அவ மட்டும்தான் பண்ணுவா. நான் வள்ளி, நான் இங்குட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். கையைக் கட்டிக்கொண்டு, இனி நீ பார்த்துக்கொள் என்பது போல என்னையே பார்த்தாள். அவள் வாயிலிருந்து 'நான்' என்ற சொல்லை நான் அதற்குமுன் கேட்டிருக்கிறேனா என்று தெரியவில்லை. அவ்வளவு பேருக்கு நடுவே தனியாக எழுந்து நின்றது, தனியாக மேடையில் நின்றதைவிடச் சின்ன விஷயமில்லை.

கண்டக்டர் வந்துவிட்டார். கிழவி வந்தாள், கோழி வந்தது. தலைமையாசிரியை பந்தலின் முதல் வரிசையில் தன்னுடைய 'மாணவச் செல்வங்களே'யைக் கேட்டுக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். கணக்கு டீச்சருக்கு இந்தத் தடவை மூன்று 'புரிஞ்சுதா'வும் சரியாக வைத்தேன். நேரம் முடிந்தது, இறங்கியிருக்க வேண்டும். என்ன தோன்றியதோ, யோசித்து வைக்காத ஒன்றைச் செய்தேன். இடுப்பில் கை வைத்து, முகவாயைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, "நாங்க கத்தரிக்கா சாப்பிட மாட்டோம்" என்றேன். உன் பேர் என்ன என்று நானே கேட்டு, "நாங்க வள்ளி" என்று நானே பதில் சொன்னேன்.

எங்கள் வகுப்பு அப்படியே சரிந்து விழுந்து சிரித்தது. அம்மா பக்கத்தில் இருந்த அப்பாவின் தோளில் அடித்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே குரல் என்றுதான் ஊரில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் வள்ளியைப் போலப் பேச, என் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, கொஞ்சம் விறைப்பாக்கி, என் இடத்திலிருந்து அவள் இடத்துக்கு ஒரு அடி நகர வேண்டியிருந்தது. அந்த ஒரு அடி எங்களுக்கு நடுவில் எப்போதும் இருந்திருக்கிறது. ஜமக்காளத்தில் வள்ளியைத் தேடினேன். அவள் மும்தாஜின் மேல் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர, மற்ற எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது அம்மாவையும் அப்பாவையும் முன்னால் போகவிட்டு நாங்கள் பின்தங்கினோம். தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்று வள்ளி ஆரம்பித்தாள். அப்பா கடைவீதியில் மின்மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அறையில் தனியாகக் கிடந்து சலித்துப்போய், இரண்டாவது தண்ணீர் ஊற்றிய பிறகு, அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு கெட்டுப்போன மேஜை விசிறியைக் கொண்டுவந்து தரச் சொல்லி அப்பாவிடம் கெஞ்சியிருக்கிறாள். பிரித்துப் போட்டு, கருகிய கம்பியை உருவி, புதுக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிச் சுற்றி, நாலு நாளில் அதை ஓடவிட்டிருக்கிறாள். "சுத்துச்சுடி" என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்தில், பின்கட்டில் அன்று எனக்கு வந்த அதே சந்தோஷம் இருந்தது. எனக்குத் தெரியாமல் தனக்கென்று ஒன்று இருப்பது என்னவோ போலிருந்ததால் அவளும் சொல்லாமல் வைத்திருந்தாளாம். நாலு நாள் கோபத்தில் பாதி தன் மேலேயே இருந்த கோபம் என்றாள்.

தழும்புக்காக இல்லை என்று இப்போதாவது நம்புகிறாயா என்று கேட்டேன். வேண்டுமானால் நானும் அதே இடத்தில் ஒன்று போட்டுக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். வள்ளி புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணும் வேண்டாம். இது எனக்கு மட்டும்" என்றாள்.

அந்த வருடம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது, வழக்கம்போல ஒரே பீஸில் இரண்டு பாவாடைக்கு வெட்டச் சொன்ன அம்மாவைக் கடைக்காரர் முன்னாலேயே நாங்கள் இருவரும் தடுத்தோம். மயில் கழுத்து ஒன்று, மஞ்சள் ஒன்று. ஒருத்தி துணிக்கு மட்டும் மீட்டர் விலை கூடுதல் என்று அம்மா வீடு வரும் வரை புலம்பினாள். தைத்து வந்த பிறகு இரண்டையும் மாற்றி மாற்றி உடுத்திப் பார்த்தோம், அது வேறு விஷயம்.

இப்போது அந்த டவுன் பஸ்ஸில் கம்பி வைத்த ஜன்னல் இல்லை, கண்ணாடியைத் தள்ளித் திறக்கிறார்கள். பஞ்சவர்ணம் அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். பின்கட்டில் அவள் மருமகள் இயந்திரத்தில் தேன்குழல் பிழிகிறாள், வாங்கிக்கொண்டு போவோர் முன்னைவிட அதிகம். நான் திருச்சியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன், ஒரு பாடத்துக்கு ஏழெட்டுக் குரல் ஆகிறது எனக்கு. வள்ளி அப்பாவின் கடையை எடுத்து நடத்துகிறாள். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணற்று மோட்டார் கருகினால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். எங்களை 'ரெட்டை' என்று அழைத்தவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை, மீதிப் பேர் தெருவை விட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சொல்லை யாராவது ஒருமையில் சொல்லிக் கேட்டுப் பல வருடமாயிற்று.

போன மாதம் கண்டரமாணிக்கத்தில் ஒரு கல்யாணம். நான் மூக்குக் கண்ணாடியும் பருமனுமாக, வள்ளி வெயிலில் கறுத்து, நரையை மறைக்காத தலையோடு, பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிர் வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, இருவரும் சொந்தமா, மூக்கு மட்டும் கொஞ்சம் ஒன்று போல இருக்கிறதே என்று கேட்டார். ஒரு காலத்தில் பெற்றவளைத் தவிர யாராலும் பிரித்தறிய முடியாமல் இருந்த இரண்டு முகங்களில், மூக்கு மட்டும்தான் மிச்சம். கூடப் பிறந்தவர்கள் என்று வள்ளி சொன்னாள்.

"அப்ப ரெண்டு பேருல யாரு மூத்தவுக?" என்றார் அந்த அம்மாள்.

நான் வள்ளியைக் கைகாட்டினேன். அதே நொடியில் வள்ளி என்னைக் கைகாட்டினாள்.